இடம் மாறிய வரி

ஜூன் 3, செவ்வாய்

கம்பெனியில் முதல் நாள். எனக்குக் கொடுத்த மேசை ஏ.சி.க்கு நேர் கீழே. கழுத்து இப்போதே பிடித்துக்கொண்டது. நாளைக்குச் சால்வை எடுத்துப்போக வேண்டும்.

வேலை இதுதான். பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் வார்மர் மெஷின் இங்கே செய்கிறார்கள். அதற்குள் ஓடும் C நிரல் இருபது வருடத்துக்கு மேல் பழையது. பழைய சிப் இனிக் கிடைக்காது என்பதால் போன வருடம் புதிய சிப்புக்கு மாற்றினார்கள். வெளிநாட்டில் விற்க வேண்டுமானால் ஓர் ஆவணம் வேண்டுமாம். அந்த நிரல் எந்தெந்த ஸ்டாண்டர்ட் ஹெடர்களை நம்பியிருக்கிறது, ஒவ்வொன்றும் எப்போது வந்தது, நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் மாறினால் எது மாறும் என்றெல்லாம் அதில் இருக்க வேண்டும். அதை எழுத ஆள் தேடியபோது, இங்கே சாஃப்ட்வேர் பிரிவில் இருக்கும் என் மகள் மிருதுளா என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். மகள் சிபாரிசில் அம்மாவுக்கு வேலை. காலம் அப்படி.

டீம் ஹெட் பாலமுரளி என்பவர். "போர்ட்டபிலிட்டி நல்லா டீடெய்லா போடுங்க மேடம். ஹிஸ்டரி ரெண்டு வரி போதும். அதை யாரு படிக்கப் போறா?" என்றார்.

"எங்கிருந்து வந்ததுன்னு தெரியாம எங்க போகும்னு எப்படிங்க சார் எழுதறது?"

சிரித்தார். பல்வரிசை நன்றாக இருக்கிறது. ஆளை எனக்குப் பிடிக்கவில்லை.

கேன்டீனில் ஒரு பெண், conio.h பட்டியலில் வருமா என்று கேட்டாள். அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். தமிழ்நாட்டில் C படித்தவர்கள் எல்லோரும் முதல் வரி stdio.h, இரண்டாவது வரி conio.h என்று பிள்ளையார் சுழி மாதிரி எழுதியே பழகியவர்கள். காலேஜ் லேப்களில் இருந்த நீலத்திரைக் கம்பைலரோடு வந்த சொந்தச் சரக்கு அது. C மொழிக்குப் பொதுவாக வகுத்த ஸ்டாண்டர்டில் ஒரு நாளும் இருந்ததில்லை. காந்திபுரத்து கம்ப்யூட்டர் சென்டரில் பத்து வருடம் நானும் அதைத்தான் போர்டில் எழுதினேன், சிலபஸ் அப்படி. அந்தப் பெண்ணால் நம்பவே முடியவில்லை. "யூனிவர்சிட்டி பரிட்சைல மார்க் போட்டாங்களே மேடம்" என்றாள்.

ஜூன் 5, வியாழன்

assert.h, ctype.h, errno.h முடிந்தன. அகரவரிசையில் போகிறேன். வீட்டில் காஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டருக்குச் சொன்னது நீதானே என்று நானும் மிருதுளாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேரும் சொல்லவில்லை. இரண்டு நாளாக இண்டக்ஷன் அடுப்பில் சமையல்.

ஜூன் 9, திங்கள்

இன்று math.h. படிப்பவர்களுக்குப் புரிய வேண்டும் என்று ஆவணத்தின் தொடக்கத்தில் ஹெடர் என்றால் என்ன என்று ஒரு பத்தி எழுதினேன். ஒரு சின்ன வேலையைச் செய்து தரும் ஃபங்ஷனைக் கூப்பிடும் முன் அது எந்த மாதிரி விடை தரும் என்று கம்பைலருக்குச் சொல்லிவைக்கும் அறிமுகம்தான் ஹெடர். சொல்லாமல் கூப்பிட்டாலும் பழைய C கோபித்துக்கொள்ளாது. முழு எண்தான் வரும் என்று தானாகவே நினைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கும். பின்னால் வந்த கம்பைலர்கள் ஒரு எச்சரிக்கையாவது கொடுக்கும்.

பழைய சிப்பின் கம்பைலரைத் தூசி தட்டி எடுத்து அதன் math.h-ஐப் படித்தேன். சைன், கோசைன் எல்லாம் இருக்கும் இடத்தில் atof-க்கும் ஒரு வரி இருக்கிறது. எழுத்துகளாக வந்த '36.5' என்பதைத் தசம எண்ணாக மாற்றித் தருவதுதான் atof. அதற்கும் கணக்குக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஸ்டாண்டர்ட் வருவதற்கு முந்தைய காலத்தில் அதற்கு வேறு வீடு இல்லாததால் இங்கே ஒண்டிக்கொண்டிருந்தது. குறித்துவைத்தேன்.

கேன்டீனில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்காகக் கொடுத்த புது வார்மரில் இரண்டு மாதம் முன்பு ஒரு குழந்தை குளிர்ந்துபோய்விட்டதாம். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது கவனித்ததால் பிழைத்துக்கொண்டது. மெஷினின் பதிவில் வெப்பநிலை 25 என்று வைத்ததாக இருக்கிறது. நர்ஸ் தப்பாகத் தட்டிவிட்டாள் என்று அவளை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். ஜூலை நாலாம் தேதி விசாரணை. கம்பெனியின் அறிக்கையைப் பார்த்துவிட்டு அவளை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு செய்வார்களாம். கொடுத்திருந்த மெஷின்களைக் கம்பெனி திரும்ப வாங்கி வைத்துவிட்டது.

"இது உனக்குத் தெரியுமா?" என்று மிருதுளாவிடம் கேட்டேன். "எல்லாருக்கும் தெரியும்மா" என்று சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தைப் பாதியில் மூடி வைத்தாள். தயிர் புளித்துவிட்டது போலிருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

setjmp.h, signal.h. மிருதுளாவுக்குத் தலைவலி. மாத்திரை வேண்டாம் என்கிறாள்.

ஜூன் 17, செவ்வாய்

stdlib.h-இல் கை வைத்தேன். எனக்கு மிகவும் பிடித்த ஹெடர் இது. ஸ்டாண்டர்ட் குழுவினர் உட்கார்ந்து, சொந்த வீடில்லாத ஃபங்ஷன்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் குடிவைத்த இடம். atof-ம் அப்போதுதான் முறையாக இங்கே வந்தது. பழைய கம்பைலர்கள் சில, மரியாதைக்காக math.h-இலும் அதன் வரியை விட்டுவைத்தன. புதிய கம்பைலர்களில் அங்கே அது இல்லை.

அதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பொள்ளாச்சிக் குழந்தை நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன பதிப்பை எடுத்து, விசைப்பலகையைக் கவனிக்கும் கோப்பைத் திறந்தேன். math.h இருக்கிறது. stdlib.h இல்லை. நடுவில் atof இருக்கிறது.

பழைய சிப்பில் இது சரியான நிரல். புதியதில் atof தசம எண் தருகிறது என்று கம்பைலருக்கு யாரும் சொல்லவில்லை. அது முழு எண் வரும் என்று நினைத்து வேறு இடத்தில் போய்ப் பார்க்கும். அங்கே என்ன குப்பை கிடக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும்.

எச்சரிக்கை வந்திருக்க வேண்டுமே என்று கம்பைலரை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் பில்ட் கோப்பைப் பார்த்தேன். எச்சரிக்கைகள் எல்லாம் மொத்தமாக அணைக்கப்பட்டிருந்தன. பழைய நிரலைப் புதிய கம்பைலரில் போட்டால் மழை போல எச்சரிக்கை கொட்டும். அதைப் பார்க்கச் சகிக்காமல் அணைத்துவிடுவது இந்த ஊர் ஆபீஸ்களில் சாதாரணம். அணைத்தது யார் என்பது என் ஆவணத்துக்குத் தேவையில்லை.

ஜூன் 18, புதன்

ஆய்வகத்தில் திரும்பி வந்த மெஷின் ஒன்றைக் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்தேன். அம்புக்குறிப் பொத்தானை அழுத்தி 36.5-க்குக் கொண்டுபோனால் ஒழுங்காக வேலை செய்கிறது. எண்களை நேராகத் தட்டினால், திரையில் 36.5 என்றே காட்டுகிறது. திரை நாம் தட்டிய எழுத்துகளை அப்படியே காட்டுவது. உள்ளே போனதோ குப்பை. எல்லைக்கு வெளியே ஏதாவது எண் வந்தால் கீழ் எல்லைக்குப் போய்விடு என்று நிரலில் இருக்கிறது. கீழ் எல்லை 25. பதிவில் 25 என்றே விழுந்தது. திரும்பத் திரும்பச் செய்தேன். ஒவ்வொரு தடவையும் அதேதான்.

இங்கே ஏன் யாருக்கும் இது தெரியவில்லை என்று லேப்பில் இருந்தவரைக் கேட்டேன். "நாங்க நம்பர் கீ தொடறதே இல்லீங்க. பழைய மெஷின்ல அது சீக்கிரம் போயிரும். ஆரோ கீதான் பழக்கம்" என்றார். நர்ஸுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? கையில் குழந்தையோடு நிற்பவள் எண்ணைத்தான் தட்டுவாள்.

அந்தப் பெண் சரியாகத்தான் தட்டியிருக்கிறாள். ஆத்திரம் வந்தது, கூடவே பயமும் வந்தது. ஆத்திரம் யார் மேல் என்று எழுதலாம், பயம் எதற்கென்று எழுதப் போவதில்லை. வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே துவைத்திருந்த போர்வைகளை எடுத்து மறுபடி துவைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

பாலமுரளி சாரிடம் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம்.

"மேடம், உங்க டாகுமெண்ட் ஹெடர் பத்தினது. ஆஸ்பத்திரி விஷயம் வேற."

"ரெண்டும் ஒண்ணுதாங்க சார்."

"சரி, போட்டே ஆகணும்னா ஒரிஜினல் ஆத்தர் stdlib.h விட்டுட்டார்னு போடுங்க. அவரு ரிடையராகிப் போயிட்டாரு. யாருக்கும் நஷ்டமில்ல."

"அவர் எழுதினப்ப அது தப்பே இல்லீங்களே. அவரு கம்பைலர்ல math.h போதும். அதுக்குத்தான் ஹிஸ்டரி வேணும்னேன்."

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "மேடம், வார்னிங்கை ஆஃப் பண்ணின கமிட்ல யாரு பேர் இருக்குன்னு பாத்தீங்களா? பாத்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

பார்க்கவில்லை. பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் பணியாரம் சுட்டேன். மிருதுளாவுக்குக் கார பணியாரம்தான் பிடிக்கும். எட்டு சாப்பிடுகிறவள் மூன்றோடு எழுந்துவிட்டாள். பரண் மேலிருந்த பித்தளைப் பாத்திரங்களை இறக்கித் தேய்த்தேன். குக்கருக்குக் காஸ்கெட் மாற்றினேன். எல்லா வேலையும் முடிந்துவிட்டது.

எழுதிவிடுகிறேன். நிரலில் யார் எதை மாற்றினார்கள் என்று சொல்லும் கமிட் பதிவை, மெஷினை ஓட்டிப் பார்த்த புதன்கிழமையே பார்த்துவிட்டேன். பாலமுரளி சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். எச்சரிக்கைகளை அணைத்தது மிருதுளா.

அது மட்டுமானால் பரவாயில்லை. குழந்தைக்கு அப்படி ஆன அதே வாரத்தில் இன்னொரு மாற்றம் இருக்கிறது. அந்தக் கோப்பில் ஒரே ஒரு வரி, stdlib.h, புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. காரணம் எழுதும் இடத்தில் 'சிறு சீரமைப்பு' என்று இருக்கிறது. அதுவும் மிருதுளாதான்.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

ஜூன் 25, புதன்

லீவு போட்டுவிட்டுப் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். நர்ஸின் பெயர் ஜெசிந்தா. கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு எழுந்து நின்றாள். நான் உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே இருந்தாள்.

"ஸ்கிரீன்ல முப்பத்தாறரைன்னுதானுங்க இருந்துச்சு. என் கண்ணால பாத்தனுங்க. சொன்னா யாரும் நம்பறதில்லீங்க."

"நான் நம்பறேம்மா."

"முன்னெல்லாம் நானும் நம்பிட்டுத்தானுங்க இருந்தேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது. கை தவறி இருவத்தஞ்சு அடிச்சுட்டு, முப்பத்தாறரைன்னு நெனச்சுட்டனோ என்னமோ. வீட்டுக்காரரும், தப்பை ஒத்துக்கிட்டா வேற ஆஸ்பத்திரியிலயாவது சேத்துக்குவாங்கங்கறாரு. ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தரட்டுங்களா மேடம்?"

"வேண்டாம்மா. எதுவும் எழுதிக் குடுக்காதே" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. அவள் போட்ட டீயைக் குடித்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். கண்டக்டர் இரண்டு தடவை டிக்கெட் கேட்டிருக்கிறார்.

ஜூன் 29, ஞாயிறு

மிருதுளா தலைக்குக் குளித்துவிட்டுப் பால்கனியில் முடி காயவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அவளே, "பாத்துட்டயா?" என்றாள்.

"பாத்துட்டேன். நீ எப்பக் கண்டுபிடிச்ச?"

"கொழந்தை விஷயம் வந்த மறுநாளே."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல கண்ணு."

"சார்கிட்ட சொன்னேன்மா. அந்த ஒரு வரியைச் சேத்துட்டு வாயை மூடிட்டு இருன்னாரு. வார்னிங்கை அணைக்கச் சொன்னதும் அவருதான். கஸ்டமர் வர்றாங்க, பில்டு சுத்தமா இருக்கணும்னாரு. எல்லா டீம்லயும் அப்படித்தான் பண்றாங்க. எம்பேர்ல இருக்குது, அவ்வளவுதான்."

"அந்த நர்ஸு?"

முடியைப் பிரித்துப் பிரித்து உதறினாள்.

இத்தனை நாளாக எனக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். இவளால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை, அம்மா கண்டுபிடித்து வெளியே கொண்டுவரட்டும் என்றுதான் என்னை இந்த வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்று. அதை அவள் வாயால் கேட்டுவிட ஆசைப்பட்டேன்.

"நான் கண்டுபிடிச்சிருவேன்னு உனக்குத் தெரியும். அப்புறம் ஏன் என்னைக் கூப்பிட்ட?"

"வேற யாரு எழுதினாலும் கண்டுபிடிப்பாங்கம்மா. கண்டுபிடிச்சா சொல்லிருவாங்க. நீ சொல்ல மாட்டேல்ல?"

கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நம்பிச் சொன்னாள். அவள் அப்பா எங்களை விட்டுப் போன நாளிலிருந்து நான் அவளுக்குக் கொடுத்து வளர்த்த நம்பிக்கை அது. உள்ளே வந்து அரிசி களைந்தேன். எத்தனை ஆழாக்கு போட்டேன் என்று மறந்துபோய் மறுபடி அளந்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

கடைசி time.h தவிர ஆவணம் முடிந்தது. stdlib.h-இன் வரலாறு மட்டும் நாலு பக்கம். atof முன்பு எங்கே இருந்தது, எப்போது இடம் மாறியது, பழையவர் எழுதியது அவர் காலத்தில் ஏன் சரி, புதிய கம்பைலரில் ஏன் தப்பாகிறது, எச்சரிக்கைகள் அணைக்கப்படாமல் இருந்திருந்தால் அன்றைக்கே எப்படித் தெரிந்திருக்கும், விடுபட்ட வரி பிறகு எப்போது சேர்க்கப்பட்டது என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். மெஷினில் நான் செய்து பார்த்ததும் இருக்கிறது. பெயர் எதுவும் எழுதவில்லை.

பாலமுரளிக்கும், தரப் பிரிவுக்கும், ஆஸ்பத்திரி விசாரணைக் குழுவுக்கும் சேர்த்து அனுப்பினேன். அனுப்பும் முன் மிருதுளாவிடம் சொன்னேன். "அனுப்பறேன் கண்ணு."

"இட்லிக்குத் தொட்டுக்க என்னம்மா?" என்றாள்.

ஜூலை 4, வெள்ளி

விசாரணை. நீளமான மேசை. நடுவில் ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர், அறுபது வயதிருக்கும் அம்மா. ஒரு ஓரத்தில் ஜெசிந்தா. எங்கள் பக்கம் பாலமுரளி, நான்.

டாக்டர் என் ஆவணத்தைப் படித்திருந்தார். ஓரங்களில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். வரலாற்றை யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்ட மனிதரின் பக்கம் நான் திரும்பவில்லை.

"எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஜெசிந்தா சரியாத்தான் அடிச்சாங்களா?"

"சரியாத்தாங்க அடிச்சாங்க. முப்பத்தாறரைதான்."

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

டாக்டர் அவளைப் பார்த்துவிட்டுத் தாளைப் புரட்டினார். "எச்சரிக்கை எல்லாம் அணைக்கப்பட்டிருந்ததுன்னு எழுதியிருக்கீங்க. யாரு அணைச்சது?"

"அது டீம் லெவல்ல எடுத்த டெசிஷன் மேடம்" என்றார் பாலமுரளி. "குறிப்பா ஒருத்தர்னு சொல்ல முடியாது. ப்ராசஸ்ல ஒரு இடைவெளி."

டாக்டர் முன்னால் இருந்த கோப்பு மேல் என் கண் போனது. மேலே பெரிய எழுத்தில் 'நர்ஸ் ஜெசிந்தா மீதான விசாரணை' என்று இருந்தது. மூன்று மாதமாக இந்த விஷயத்தில் பெயரோடு நின்றது அவள் ஒருத்திதான். மற்றவர்களெல்லாம் டீம், ப்ராசஸ். நானும் அணைக்கப்பட்டது, சேர்க்கப்பட்டது என்று எழுதித்தான் வைத்திருந்தேன்.

"மிருதுளாங்க" என்றேன். "எம் பொண்ணு. அணைக்கச் சொன்னது யாருன்னு அவளைக் கூப்பிட்டுக் கேளுங்க. சொல்லுவா."

சொல்லுவாள் என்று எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பாலமுரளி தண்ணீர் கிளாஸை எடுத்தார். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

ஜூலை 6, ஞாயிறு

மிருதுளா பீளமேட்டில் ஹாஸ்டல் பார்த்துப் போய்விட்டாள். இரண்டு பெட்டி, ஒரு தலையணை. அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்களா, என்ன சொன்னாள் என்று கேட்டேன். "உனக்கு அது எதுக்கு?" என்றாள். ஆட்டோ வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 9, புதன்

கம்பெனியில் என் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். time.h எழுதவில்லை.

ஜூலை 19, சனி

மதியம் ஜெசிந்தா போன் செய்தாள். திங்கள்கிழமையிலிருந்து டியூட்டி, அதே வார்டு. குரலே மாறியிருந்தது. "இப்பவும் ஸ்கிரீனை மூணு வாட்டி பாக்கறனுங்க. பாத்துட்டுக் கொழந்தையைத் தொட்டும் பாத்துக்கறேன்" என்று சிரித்தாள். எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. மழை பெய்கிறதா அங்கே என்று கேட்டேன். நல்ல மழையாம்.

வைக்கப் போகும்போது கொஞ்சம் தயங்கினாள். "மேடம், உங்க பொண்ணு எப்படி இருக்குதுங்க?"

"நல்லா இருக்காம்மா" என்றேன்.

எனக்குத் தெரியாது.